ஏழு வீட்டுக்கு ஒரு மீட்டர்

மதிப்பிற்குரிய மின்துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். டிசம்பரில் மின்சிக்கன வாரத்தின்போது எங்கள் லைன் வீட்டு வாசலில் ஒரு நோட்டீஸ் கொடுத்தார்கள். ஏசியை 24 டிகிரியில் வையுங்கள், ஐந்து நட்சத்திரம் பார்த்து ஃபிரிட்ஜ் வாங்குங்கள் என்று இருந்தது. எங்கள் லைனில் ஏழு வீடு, ஏசி ஒன்றுகூட இல்லை. 24-ஐ எங்கே வைப்பது என்று தெரியாததால்தான் இந்தக் கடிதம்.

ஏழு வீட்டுக்கும் மீட்டர் ஒன்றுதான். ஆளுக்கொரு சப்-மீட்டர் மாட்டி, யூனிட்டுக்கு 9 ரூபாய் வாங்குகிறார் வீட்டுக்காரர். 2016-இலிருந்து இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அரசு வீட்டுக்கு வீடு தரும் 100 யூனிட் இலவசம் அந்த ஒற்றை மீட்டரோடு நின்றுவிடுகிறது. ஏழு குடும்பமும் சேர்ந்து 500 யூனிட்டைத் தாண்டிவிடுவதால் மானியமும் குறைந்துபோகிறது.

பக்கத்து வீட்டு அக்கா பனியன் கம்பெனியில் துணி மடித்துக் கொடுக்கும் கைமடி வேலைக்குப் போகிறவர். காலண்டர் தாளில் தினமும் சப்-மீட்டர் எண்ணைப் பென்சிலால் குறித்து வைப்பார். சித்திரை வெயிலில் பிள்ளைக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. அது கண்ணயர்ந்ததும் எழுந்து ஃபேனை நிறுத்துவார், சிணுங்கினால் மறுபடி போடுவார். மறுநாள் எட்டரைக்கு கம்பெனியில் நிற்க வேண்டும். இவருக்குத்தான் சிக்கனம் சொல்லிக்கொடுக்க வந்தீர்கள்.

அவர் வீட்டில் இரண்டு மாதத்துக்கு 130 யூனிட் ஆகிறது. கட்டுவது 1,170 ரூபாய். தனி மீட்டர் இருந்தால் நூறு ரூபாய்கூட வராது. அந்த ஃபேன் இரண்டு முறை காயில் கட்டியது. 75 வாட் என்று வைத்தாலும், நாளுக்கு 14 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 63 யூனிட் தின்கிறது. கரண்ட் குறைவாக இழுக்கும் 30 வாட் பிஎல்டிசி ஃபேனுக்கு 25 போதும். அதை மாட்டினால் மொத்தமே 92 யூனிட்தான், தனி மீட்டரில் பில் சைபர். இந்தக் கணக்கு அக்காவுக்கும் தெரியும். ஃபேன் விலை இரண்டாயிரத்து ஐந்நூறுக்கு மேல் என்பதும் தெரியும்.

ஆகவே கேட்பது ஒன்றுதான்: குடித்தனம் இருக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் தனி மீட்டர் கொடுங்கள். அதற்கான விண்ணப்பத்தில் வீட்டுக்காரர் கையெழுத்துப் போட மாட்டார். அவர் ஏன் போடுவார்? எங்கள் பெயரில் ஒரு பில் வந்தால் மற்றதெல்லாம் தானாக நடக்கும். 2015-இல் டெல்லியில் எல்இடி பல்பை முதலில் பத்து ரூபாய் வாங்கிக்கொண்டு கொடுத்து, மீதியை மாதம் பத்துப் பத்தாகக் கரண்ட் பில்லில் பிடித்தார்கள். ஃபேனுக்கும் அப்படிச் செய்யலாமே. பில்லே இல்லாதவரிடம் எதில் பிடிப்பீர்கள்?

நிறைய சம்பாதிக்கிறவர்கள்தான் மின்சாரத்தைப் பற்றி அக்கறையோடு பேசுகிறார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. பேசலாம், சார். ஹாலில் ஒன்று, படுக்கையறைக்கு ஒன்று என்று ஏசி ஓடும்போது பேசுவதற்கு நன்றாகத்தான் இருக்கும். எங்கள் லைனில் டிவி பார்க்கும்போது லைட்டை அணைப்பார்கள். அதற்கு யாரும் நட்சத்திரம் ஒட்டுவதில்லை. சரி, கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னிக்கவும்.

வரும் சித்திரைக்குள் தனி மீட்டருக்கு ஒரு வழி செய்து தரும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். வீட்டுக்காரர் சம்மதம் இல்லாமலே விண்ணப்பிக்க என்ன தாள் வேண்டும் என்று அடுத்த நோட்டீஸில் போட்டாலும் போதும், வாங்கி வந்து நிற்கிறோம்.

இப்படிக்கு,
லைன் வீட்டுக் குடித்தனக்காரன்,
திருப்பூர்