லகாஷின் களிமண் ஆணியை வைத்திருப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மெசபடோமியத் தொல்பொருள்களை ஏலத்தில் எடுத்து வீட்டில் வைத்திருக்கும் அன்பர்களுக்கு,

வணக்கம். உங்களில் சிலருடைய கண்ணாடிப் பேழையில் ஒரு களிமண் ஆணி இருக்கக்கூடும். கைக்குள் அடங்கும் அளவு. அகன்ற தலை, கூராக இறங்கும் தண்டு, தண்டைச் சுற்றி, ஆப்பு வடிவக் கோடுகளால் ஆன பழைய ஆப்பெழுத்து. அது இன்றைய தெற்கு ஈராக்கில் இருந்த லகாஷ் அரசை ஆண்ட குடேயாவின் ஆணி என்றால், நிங்கிர்சு தெய்வத்துக்கு அவன் எனின்னு என்னும் கோயிலைக் கட்டிய செய்தியைச் சொல்லும். சுமார் 4,100 ஆண்டுகளுக்கு முன் அந்தக் கோயில் சுவருக்குள் பதித்தது. இன்று அது உங்கள் வீட்டில் இருக்கிறதென்றால், யாரோ அந்தச் சுவரைக் குடைந்திருக்கிறார்கள்.

2003-இல் லண்டனில் ஒரு வணிகரிடம் போலீசார் எட்டுப் பொருள்களைக் கைப்பற்றினார்கள். எங்கிருந்து வந்தவை என்பதற்கு ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. பிறகு பிரிட்டிஷ் அருங்காட்சியக அறிஞர்கள் அவற்றைப் பார்த்தபோது, எட்டில் மூன்று குடேயாவின் ஆணிகள் என்று தெரிந்தது. தெற்கு ஈராக்கின் தெல்லோவில், அதாவது லகாஷ் அரசின் பழைய கிர்சு நகரில், அதே அருங்காட்சியகத்தின் குழு அகழாய்வு நடத்திவந்தது. அதே வாசகமுள்ள ஆணிகள் அங்கே கோயில் சுவரில் இருந்த இடத்திலேயே கிடைத்தன. பக்கத்தில் திருடர்கள் வெட்டிய குழிகள். அவற்றைச் சுற்றி, விலைபோகாது என்று வீசிய உடைசல்கள். அதனால்தான் அந்த மூன்றுக்கும் சொந்த ஊர் தெரிந்தது. 2018-இல் அவை ஈராக்கிடம் திரும்பின.

எல்லாவற்றுக்கும் அப்படி வாய்ப்பதில்லை. கிர்சுவில் ஓர் அரசியின் இல்லத்துக் கணக்கேடுகள் இருந்தன. இன்ன பெண்ணுக்கு மாதம் இவ்வளவு வாற்கோதுமை, அவள் பிள்ளைக்கு இவ்வளவு என்று பெயர் சொல்லி எழுதிய களிமண் பலகைகள். நாலாயிரம் ஆண்டுகளுக்கும் முன்பு உழைத்த சாதாரணப் பெண்களின் பெயர்கள் அவற்றில் இருப்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும். ஆனால் அவற்றில் பெரும்பகுதியைத் தோண்டியவர்கள் கள்ளத்தனமாகத் தோண்டி விற்றவர்கள். ஒரே வீட்டின் கணக்கு இன்று செயின்ட் பீட்டர்ஸ்பர்க், பெர்லின், பாரிஸ் என்று சிதறிக் கிடக்கிறது. எந்த அறையில், எதன் அருகே இருந்தது என்பதை இனி யாராலும் சொல்ல முடியாது.

"நாங்கள் வாங்கியதால்தான் அழியாமல் தப்பியது" என்பீர்கள். உங்கள் பணம் கிடைக்கும் என்ற நம்பிக்கையில்தானே அந்தக் குழியை வெட்டுகிறார்கள்? 1990 ஆகஸ்ட் 6-க்குப் பிறகு ஈராக்கிலிருந்து சட்டவிரோதமாக வெளியேறிய தொல்பொருள்களின் வணிகத்தை ஐ.நா. பாதுகாப்பு அவை 2003-இலேயே தடைசெய்துவிட்டது. "ஒரு பழைய தனியார் சேகரிப்பு" என்று ஏலப் பட்டியலில் ஒரு வரி போட்டிருந்தால், அது யாருடைய சேகரிப்பு, எந்த ஆண்டு, ஏற்றுமதி அனுமதி எங்கே என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் வாங்காதீர்கள்.

ஏற்கெனவே வாங்கியிருந்தால், தண்டைச் சுற்றிலும் எழுத்து தெரியும்படி படமெடுத்து உங்கள் நாட்டிலுள்ள ஈராக்கியத் தூதரகத்துக்கு எழுதுங்கள். பிறகு ஆணியைப் பஞ்சில் பொதிந்து நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள். லண்டனில் இருந்த அந்த மூன்றும் தூதரகத்தின் கையில் சேர்ந்துதான் ஊர் திரும்பின.

இப்படிக்கு,
பழைய எழுத்துகளை நேசிக்கும் ஒரு வாசகர்