அப்பாவுக்கு ஒரு நினைவு மலர்: கோப்பு அனுப்பும் முன்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். நினைவு மலர் அச்சிடக் கேட்டு வரும் கோப்புகளில் பலவற்றை இரண்டு மூன்று முறை திருப்பி அனுப்ப வேண்டியிருக்கிறது. துக்கத்தில் இருப்பவர்களை இப்படி அலைக்கழிப்பது எங்களுக்கும் சங்கடம்தான். ஏன் திருப்புகிறோம் என்பதை ஒரே மடலில் சொல்லிவிடுகிறோம். பொதுவாகச் சொன்னால் பிடிபடாது என்பதால் ஓர் அப்பாவை மனத்தில் வைத்துக்கொள்வோம்: வார நாளெல்லாம் வரி ஆலோசகர், விடுமுறை வந்தால் முதுகுப்பையை மாட்டிக்கொண்டு மலைக்குக் கிளம்பிவிடுபவர். கணக்குத் தாளும் காட்டுக் குறிப்பும் ஒரே மேசையில் கலந்து கிடக்கும் இப்படிப்பட்டவருடைய மலரில் எல்லாச் சிக்கலும் ஒன்றாக வந்து நிற்கும்.

படம் பொறுக்குவதற்கு முன்னால் ஒரு வேலை உண்டு. அவருடைய கைபேசி எண்ணைத் துண்டிக்க அவசரப்படாதீர்கள். மின்னஞ்சல், படக் கிடங்கு, கைக்கடிகாரத்தில் பதிந்த நடைகள் எனப் பலவற்றுக்கும் ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் வரும். கூகுள் கணக்கு 2 ஆண்டுகள் பயன்பாடின்றிக் கிடந்தால் நிறுவனம் அதை நீக்கிவிடலாம். ஆப்பிள் கணக்கில் தனக்குப் பின் இன்னார் பார்க்கலாம் என்று அவர் முன்பே குறித்து வைத்திருந்தால், அப்போது கிடைத்த அணுகல் சாவியையும் இறப்புச் சான்றிதழையும் கொடுத்து உள்ளே இருப்பதைப் பெறலாம்.

இனி படங்கள். அச்சுக்கு 300 டிபிஐ, அதாவது ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள், வேண்டும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படம் நீளவாட்டில் ஏறக்குறைய 1,600 புள்ளிகளாகச் சுருங்கிவிடும். 300ஆல் வகுத்தால் 5.3 அங்குலம். அரைப் பக்கத்துக்குப் போதும், முழுப் பக்கத்துக்கு விரித்தால் முகம் மாவாகிவிடும். அதே படத்தை ‘ஆவணம்’ என்று தேர்ந்து அனுப்பினால் சுருங்காது, எடுத்த தேதியும் அழியாது. அந்தத் தேதியையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. பழைய டிஜிட்டல் கேமராக்களில் பேட்டரி முழுவதும் தீர்ந்தால் கடிகாரம் தொடக்கத் தேதிக்குப் போய்விடும். பத்துப் பயணங்களின் படங்கள் எல்லாம் ஏதோ ஒரு ஜனவரி 1 என்று காட்டினால் காரணம் இதுதான். உண்மையான தேதி பெரும்பாலும் அவருடைய நாட்குறிப்பிலோ பயணச் சீட்டிலோ இருக்கும்.

காகிதப் படங்களை 600 டிபிஐயில் ஸ்கேன் செய்தால் இரு மடங்கு பெரிதாக்கலாம். ஃபிலிம் சுருள் கையில் இருந்தால் அச்சுப் படத்தை விட்டுவிட்டு அதையே கொண்டு வாருங்கள். 36 மில்லிமீட்டர் அகலச் சட்டகத்தை 2,400 டிபிஐயில் எடுத்தால் சுமார் 3,400 புள்ளிகள் கிடைக்கும். ஏ5 (ஏ4 தாளில் பாதி) மலரில் முழுப் பக்கத்துக்குத் தாராளம். செந்நிறமாகிப்போன பழைய வண்ணப் படங்களில் நீலப்பச்சைச் சாயம்தான் முதலில் வெளுத்திருக்கும். பெரும்பாலும் அதை மீட்டுவிடலாம், ஆகவே கெட்டுவிட்டது என்று ஒதுக்காதீர்கள். பசை ஆல்பத்தில் ஒட்டிக்கொண்ட படத்தை நகத்தால் கிளப்ப வேண்டாம். பல் இடுக்கில் விடும் நூலை ஒரு மூலையில் நுழைத்து மெதுவாக அறுத்து வாருங்கள், வராவிட்டால் ஆல்பப் பக்கத்தோடு அப்படியே கொடுங்கள். கண்ணாடியில் ஒட்டிய படத்தைத் தொடவே வேண்டாம். சட்டத்தை மட்டும் கழற்றிவிட்டுக் கண்ணாடியோடு ஸ்கேன் செய்துகொள்வோம்.

காட்டுக் குறிப்பேடுகள் பெரும்பாலும் பென்சிலில் இருக்கும். மழையில் மை ஊறும் என்பது நடப்பவர்களுக்குத் தெரியும். இவற்றை ‘கறுப்பு வெள்ளை’ அமைப்பில் ஸ்கேன் செய்தால் மெல்லிய கோடெல்லாம் காணாமல் போகும். வண்ணத்திலேயே எடுங்கள். தாளின் பழுப்பும் தேநீர்க் கறையும் கூட இருந்துவிட்டுப் போகட்டும், அது அவர் கை பட்ட தாள். செக்போஸ்ட் ரசீது போன்ற வெப்பத்தாள் சீட்டுகளில் எழுத்து மங்கிக்கொண்டே போகும் என்பதால் முதலில் அவற்றை எடுத்துவிடுங்கள்.

அடுத்தது நாங்கள் கண்டிப்பாக இருக்கும் இடம். வரி ஆலோசகரின் காகிதத்தில் ஊரார் வருமானம் இருக்கிறது. அவர் காலமானதால் அந்த ரகசியம் காலாவதியாகிவிடாது. மேசையில் அமர்ந்திருக்கும் அழகான படம் ஒன்று இருக்கும். அதை 200 விழுக்காடு பெரிதாக்கிப் பாருங்கள். முதுகுக்குப் பின்னால் அலமாரியில் கோப்பு முதுகுகளின் பெயர்ச்சீட்டுகள், மேசையில் பாதி மடித்த படிவத்தில் வரி அடையாள எண், கணினித் திரையில் யாரோ ஒருவருடைய வங்கி இருப்பு. காட்டு ஏட்டிலும் இதே வம்புதான்: இடப்பக்கம் பறவைப் பட்டியல், வலப்பக்கம் திங்கட்கிழமை பார்க்க வேண்டிய வாடிக்கையாளரின் பெயரும் நிலுவைத் தொகையும். ஓரப் பக்கத்தை வெட்டிக் கொடுங்கள், அல்லது எங்களிடம் சொல்லுங்கள், மறைத்துவிடுகிறோம். அரிய பறவையின் கூடு, ஆர்க்கிட் பூத்த இடம் என்று அவர் துல்லியமாகக் குறித்ததையும் அப்படியே அச்சேற்றக் கூடாது. வேட்டைக்காரரும் படிப்பார்.

அவர் நடந்த பாதையை வரைபடமாகப் போடப் பலர் கேட்கிறார்கள். நல்ல யோசனை, ஆனால் அளவு பாருங்கள். 1:50,000 வரைபடத்தில் ஒரு கிலோமீட்டர் 2 சென்டிமீட்டர். 12 கிலோமீட்டர் நேர்ப்பாதைக்கு 24 சென்டிமீட்டர் வேண்டும், ஏ5 தாளின் உயரமோ 21தான். 1:75,000 ஆக்கினால் 16 சென்டிமீட்டரில் அடங்கும். ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச இணைய வரைபடத்தை அடிப்படையாக எடுத்தால் அதன் பெயரைக் கீழே குறிப்பிட்டே ஆக வேண்டும். மலைத்தொடரை இரு பக்கம் விரித்துப் போடலாம், மடிப்பில் ஒரு பாறை விழுந்தால் பாதகமில்லை. அவர் முகம் விழக் கூடாது. முதுகில் பசையிட்டுக் கட்டும் மலரில் உள் ஓரம் 15 மில்லிமீட்டரும், வெட்டுக்காக வெளியே 3 மில்லிமீட்டரும் விடுங்கள். நடுவில் பின் அடிக்கும் மலரானால் பக்க எண்ணிக்கை நான்கால் வகுபட வேண்டும். 30 பக்கம் என்று வந்தால் 28க்குச் சுருக்குங்கள் அல்லது 32க்கு நீட்டுங்கள்.

எழுத்து விஷயத்தில் எங்கள் கருத்தைக் கொஞ்சம் உரிமையோடு சொல்கிறோம். “இயற்கையை நேசித்தவர், நேர்மையானவர்” என்ற இரண்டு சொற்கள் அநேகமாக எல்லா மலரிலும் வருகின்றன. அவற்றை யார் பெயருக்கு வேண்டுமானாலும் மாற்றிப் போடலாம். உடன் வேலை பார்த்தவரிடம் “நல்லவரா?” என்று கேட்காமல், “ஒரு கணக்கை எடுத்தால் முதலில் எந்த இடத்தைப் பார்ப்பார்?” என்று கேளுங்கள். உடன் நடந்தவரிடம் “அவர் பையில் எப்போதும் என்ன இருக்கும்? இறக்கத்தில் முன்னால் போவாரா, பின்னால் வருவாரா?” என்று கேளுங்கள். உபரியாக ஒரு ஷூ லேஸ், நூலில் கட்டிய பென்சில், நெகிழி உறையில் ஏடு என்று பதில் வந்தால் அதை அப்படியே எழுதுங்கள். படக்குறிப்பில் யார், எங்கே, எப்போது என்பதை இடமிருந்து வலமாகக் கொடுங்கள். தெரியாத முகத்துக்கு ஊகமாகப் பெயர் வைக்காதீர்கள். அந்த முகத்துக்கு உரியவர் வீட்டுக்கும் மலர் போய்ச் சேரும்.

தட்டச்சு யூனிகோடில் இருக்கட்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் வந்தால் எங்கள் கணினியில் குப்பையாகத் தெரியும். பிடிஎஃப்பிலிருந்து நகலெடுத்து ஒட்டினால் கொம்பு ஓரிடம், எழுத்து ஓரிடம் என்று பிரியும். அவர் பெயரின் தலைப்பெழுத்து அட்டையில் ஒரு மாதிரியும் உள்ளே வேறு மாதிரியும் வருவதுதான் நாங்கள் அதிகம் பார்க்கும் பிழை. மெய்ப்பை, அதாவது அச்சுக்கு முன் சரிபார்க்கத் தரும் படியை, குடும்பத்தில் ஒருவரும், குடும்பத்தை அறியாத ஒருவரும் படிக்க வேண்டும். பிறந்த நாளையும் மறைந்த நாளையும் வைத்து வயதைக் கணக்கிடச் சொல்லி இரண்டாமவரிடம் கொடுங்கள்.

மூலப் படங்களின் பின்புறம் பேனாவால் எழுதாதீர்கள், மை அடுத்த படத்தில் ஒட்டும். வழவழப்பான தாளில் பென்சிலும் பிடிக்காது. ஒவ்வொன்றையும் ஒரு காகித உறையில் போட்டு உறைமேல் எண் எழுதி, அதே எண்ணைப் படக்குறிப்புப் பட்டியலிலும் குறியுங்கள். திருப்பித் தரும்போது அந்தப் பட்டியலை வைத்தே உங்கள் முன்னால் எண்ணிக் கொடுப்போம்.

அன்புடன்,
அச்சகத்தார்