கண்காட்சிக்கு ரயிலில் வரும் பிள்ளைகளுக்காக

நாணய, தபால்தலைக் கண்காட்சிகளை நடத்தும் சங்கத்தாருக்கு,

வணக்கம். சென்னையில் நீங்கள் நடத்தும் கண்காட்சிகளுக்கு ஆம்பூரிலிருந்து பிள்ளைகளையும் மாமியாரையும் கூட்டிக்கொண்டு வருகிறவள் நான். இருட்டோடு எழுந்து புளிசாதம் கட்டி, ஏலகிரி எக்ஸ்பிரஸ் பிடித்து வருகிறோம். திரும்புவதற்கும் அதே வண்டிதான், சென்ட்ரலில் ஆறு மணியை ஒட்டிக் கிளம்பிவிடும். அதைப் பிடிக்க நாலரைக்கெல்லாம் அரங்கத்தை விட்டு வெளியே வந்தாக வேண்டும்.

கடைசியாக நாங்கள் வந்த கண்காட்சியில் காலை முழுக்கத் திறப்பு விழா. பொன்னாடை, நினைவுப் பரிசு, வாழ்த்துரை என்று முடியவே பன்னிரண்டு மணி தாண்டிவிட்டது. அதுவரை பொதுமக்களை உள்ளே விடவில்லை. பிள்ளைகளுக்கான வினாடிவினா மாலை ஐந்து மணிக்கு! பல நாளாகப் படித்துத் தயாராகி வந்த என் மகள் அதில் கலந்துகொள்ளாமலே கிளம்பினாள். அரக்கோணம் வரைக்கும் யாரோடும் பேசவில்லை.

மேடை நிகழ்ச்சியை மாலைக்கும் பிள்ளைகளின் நிகழ்ச்சியைக் காலைக்கும் மாற்றுங்கள். உள்ளூர்ப் பெரியவர்களுக்கு மாலையில் வருவது சிரமமில்லை. எங்களைப் போல வேலூர், திருப்பத்தூர்ப் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்குக் காலைதான் தோது.

அடுத்தது தேதி. ரயிலில் முன்பதிவு 60 நாளுக்கு முன்பே திறந்துவிடுகிறது. நீங்களோ பத்து நாளைக்கு முன்னால்தான் அறிவிக்கிறீர்கள். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை வண்டியில் வயதானவர்களுக்கு உட்கார இடம் எங்கே கிடைக்கும்? அரங்கத்தை மாதக்கணக்கில் முன்னாலேயே பிடித்துவிடுகிறீர்கள் அல்லவா, அன்றைக்கே தேதியையும் சொல்லிவிடலாமே.

உங்கள் அரங்கத்தில் எங்களுக்கு மிகவும் பிடித்தது எது தெரியுமா? கண்ணாடிக்குள் இருந்த தங்கக் காசுகள் இல்லை. ஓர் ஓரத்தில், ஒரு வியாபாரி தாம்பாளத்தில் கொட்டி வைத்திருந்த சில்லறைதான். தாமரை பொறித்த பித்தளை 20 பைசா, வளைவு வளைவான விளிம்புள்ள 2 பைசா, அறுகோணத்தில் 3 பைசா. அலுமினியக் காசை உள்ளங்கையில் வைத்துப் பார்த்த என் மகன், இவ்வளவு லேசாக ஒரு காசா என்று திரும்பத் திரும்பத் தூக்கிப் போட்டுப் பிடித்தான். அந்த 3 பைசாவைக் கண்டதும் மாமியாருக்குப் பள்ளிக்கூட வாசல் கடை நினைவு வந்துவிட்டது. கமர்கட்டு, தேன்மிட்டாய் என்று பேச ஆரம்பித்தவரைச் சுற்றி வேறு பிள்ளைகளும் கூடிவிட்டார்கள். வியாபாரி முகம் சுளிக்கவில்லை, பூதக்கண்ணாடியை எடுத்து நீட்டினார். அவர் நன்றாக இருக்க வேண்டும். பிள்ளைகள் தொட்டுப் பார்க்க இப்படி ஒரு மேசையை நீங்களே வைக்கலாம். அதற்குப் பெரிய செலவும் ஆகாது.

தபால்தலைப் பக்கம்தான் மனது கேட்கவில்லை. இந்திய ரயிலின் நூற்றாண்டுக்கு 1953இல் வந்த இரண்டணா தபால்தலை, பார்வைக்கு மாட்டியிருந்த ஒரு சட்டத்தில் இருந்தது. அன்று காலைதான் வாலாஜா ரோடு ரயில் நிலையத்தைக் கடந்து வந்திருந்தோம். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து அந்த ஊர் வரைதான் ஓடியது. தினமும் ஆயிரக்கணக்கானோர் போய்வரும் பாதையின் கதை அது. சட்டத்தில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. இருந்த விளக்கம் எல்லாம் ஆங்கிலத்தில். தமிழ் வழியில் படிக்கும் பிள்ளை எதைப் படித்துத் தெரிந்துகொள்ளும்? சட்டத்துக்கு நாலு வரி தமிழில் எழுதி ஒட்டுங்கள். எழுத ஆள் வேண்டுமென்றால் எங்கள் ஊர்ப் பக்கத்துத் தமிழாசிரியர்களிடம் நானே கேட்டுப் பார்க்கிறேன்.

இன்னொன்று. ஆறாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை தபால்தலை சேகரிக்கும் மாணவர்களுக்கு ஆண்டுக்கு 6000 ரூபாய் தரும் ‘ஸ்பர்ஷ்’ உதவித்தொகையை அஞ்சல்துறை 2017இல் தொடங்கியது. சேகரிப்பவர்கள் புதுத் தபால்தலைகளைப் பெற அஞ்சலகத்தில் தனிக் கணக்கும் உண்டு. இவற்றை விளக்க ஒருவரை நுழைவாயில் பக்கம் உட்கார வைத்தால், அரசுப் பள்ளிப் பிள்ளைகள் எத்தனையோ பேருக்கு வழி தெரியும்.

கட்டிக்கொண்டு வந்த சாப்பாட்டை உட்கார்ந்து சாப்பிட நிழலான ஓர் இடமும், குடிக்கத் தண்ணீரும் வேண்டும். சென்ற முறை படிக்கட்டில்தான் சாப்பிட்டோம்.

அடுத்த கண்காட்சியின் தேதியை இப்போதே சொன்னீர்கள் என்றால், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கும் சேர்த்து டிக்கெட் போட்டுவிடுவேன்.

அன்புடன்,
ஆம்பூரிலிருந்து ஒரு தாய்