ஹெலிகாப்டர் அட்டை பற்றி: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள பெற்றோருக்கும் மாணவர்களுக்கும் வணக்கம்.

நம் ஆங்கிலச் சொல் அட்டைகள் இரண்டின் படம் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒன்றில் ஹெலிகாப்டர் ‘ஹெ-லி-காப்-டர்’ என்று நான்காகவும், மற்றதில் ‘ஹெலிகோ + ப்டெர்’ என்று இரண்டாகவும் பிரிந்திருக்கிறது. “ஒரே சொல்லை இரண்டு விதமாகப் பிரிப்பவர்களை நம்பியா பிள்ளையை விட்டிருக்கிறீர்கள்?” என்று கீழே யாரோ எழுதியிருந்தார்கள். அந்த வரி என்னைத் தூங்கவிடவில்லை.

இரண்டு அட்டைகளும் சரிதான். நான்காகப் பிரிக்கும் பச்சைக் கோடு வாய்க்கு, அதாவது சொல்லிப் பழக; இரண்டாகப் பிரிக்கும் நீலக் கோடு பொருளுக்கு. கிரேக்கத்தில் ‘ஹெலிக்ஸ்’ சுருள், ‘ப்டெரான்’ சிறகு. அந்த ‘ப்’ பொருளில் சிறகைச் சேர்ந்தது. சொல்லும்போது மட்டும் முன்னால் போய் ஒட்டி ‘காப்’ ஆகிவிடுகிறது. தமிழிலும் அப்படித்தானே? ‘வந்தான்’ என்பதைச் செய்யுளில் ஒலிக்காக அலகிட்டால் வந்/தான், நேர் நேர், தேமா. பகுபதமாக, அதாவது பொருள் தரும் உறுப்புகளாகப் பிரித்தால் வா + த்(ந்) + த் + ஆன். இதில் எது தப்பு என்று யாரும் கேட்பதில்லை.

வாய்க்குப் பிரிக்கும்போது எழுத்தை எண்ணாமல் உயிரொலியை எண்ணச் சொல்கிறோம். ஓர் உயிரொலியைச் சுற்றி ஒலிக்கும் துண்டுதான் ஆங்கிலத்தில் அசை. ‘ஸ்ட்ரெங்த்ஸ்’ ஆங்கிலத்தில் 9 எழுத்து, அசை ஒன்றுதான். ‘ஐடியா’ 4 எழுத்து, அசை மூன்று. கோடுகளின் நிறத்துக்கு விளக்கம் அச்சிடாமல் விட்டது எங்கள் குறை. அதை ஒப்புக்கொள்கிறேன்.

உண்மையான பிழை வேறோர் அட்டையில் இருந்தது, அதை யாரும் சொல்லவில்லை. ‘டெவலப்மென்ட்’ சொல்லில் அழுத்தம், அதாவது ஓங்கிச் சொல்லும் இடம், முதல் அசையில் இருப்பதாக அச்சாகிவிட்டது. ‘டி-வெ-லப்-மென்ட்’ என்று இரண்டாவதில்தான் வர வேண்டும். நாம் எல்லா அசையையும் ஒரே கனத்தில் சொல்லிப் பழகியவர்கள் என்பதால் இந்தப் பிழை பெரிது. ‘ஃபோட்டோகிராஃப்’ சொல்லில் அழுத்தம் ‘ஃபோ’வில் விழும். ‘ஃபடாக்ரஃபர்’ என்றால் ‘டா’வுக்கு நகரும். ‘ஃபோட்டகிராஃபிக்’ என்றால் ‘கிரா’வுக்குப் போகும், ஏனென்றால் ‘இக்’ என்ற பின்னொட்டு பெரும்பாலும் தனக்கு முந்தைய அசைக்கு அழுத்தத்தை இழுத்துக்கொள்ளும். ‘ஷன்’ என்று முடியும் சொற்களும் அப்படியே: ‘எஜுகேஷன்’ சொல்லில் ‘கே’யை ஓங்கிச் சொல்லிப் பாருங்கள். இது பிடிபட்ட பிள்ளை புதிய நீளச் சொல்லைக் கண்டு தயங்குவதில்லை. எங்கள் வகுப்பில் எனக்கு மிகப் பிடித்த நிமிடம் அதுதான்.

பழைய ‘டெவலப்மென்ட்’ அட்டையைக் கொண்டுவந்தால் புதியதை வாங்கிப் போகலாம், கட்டணமில்லை. நிற விளக்கத் தாளும் தருவோம்.

ஒலிப்பதிவுகளுக்குக் குரல் கொடுத்த ஆசிரியை விலகிவிட்டதால், அடுத்த மாதம் முதல் அட்டைகளோடு ஒலிப்பதிவு வராது.

அந்தப் படம் சுற்றிய நாட்களிலும் ஒரு பிள்ளையைக்கூட நிறுத்தாமல் அனுப்பினீர்கள். குழுவில் எங்களுக்காகப் பதில் எழுதிய அம்மாக்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை. அட்டையில் எந்தக் கோடு புரியாவிட்டாலும் வகுப்பு முடிந்ததும் நேரில் கேளுங்கள், நான் இருப்பேன்.

அன்புடன்,
உங்கள் சொல் அட்டை வகுப்பு நடத்துநர்