ஓடையைச் சுத்தம் செய்யும் முன்

அன்புள்ள மகளுக்கு,

ஓடையில் விழுந்து கிடக்கும் மரத்தையும் சருகையும் அள்ள ஆள் தேடுவதாக எழுதியிருந்தாய். கொஞ்சம் பொறும்மா.

மரம் கவிந்த சின்ன ஓடையில் வெயில் குறைவு, பாசியும் குறைவு. அங்கே வாழும் உயிர்களுக்குச் சோறு போடுவது பெரும்பாலும் கரை மரங்கள்தான். விழுந்த சருகில் சாயமும் சர்க்கரையும் ஓரிரு நாளில் கரைந்துபோகும். பிறகு நீர்ப்பூஞ்சை பிடித்து மெத்தென்றாகும். அந்தப் பதம் வந்த பிறகுதான் கேடிஸ்ஃப்ளை என்ற பூச்சியின் நீரில் வாழும் புழுக்கள் அதை விரும்பிக் கடிக்கும். ஊறிய சருகு ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார். நரம்பு மட்டும் சல்லடையாக மிஞ்சியிருந்தால் பந்தி நடந்திருக்கிறது. சிந்திய துகளைக் கீழே கல்லிடுக்கில் வலை கட்டிப் பிடிக்கும் கேடிஸ்ஃப்ளை வகையும் உண்டு.

கட்டைதான் சருகைத் தேக்குகிறது. அதைத் தாண்டி விழும் நீர்தான் மடுவைத் தோண்டுகிறது. எடுத்துவிட்டால் அடுத்த வெள்ளம் சருகை வழித்துக்கொண்டு போகும், தரையும் அறுபடும். பாலத்தின் கண்ணை அடைக்கும் கட்டையை மட்டும் அகற்று.

நிழலையும் தொடாதே. அதுதான் நீரைக் குளிர்ச்சியாக வைக்கிறது. 10 டிகிரி நீரில் லிட்டருக்குச் சுமார் 11 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும்; 30 டிகிரியில் ஏழரைதான்.

சலசலக்கும் இடத்தில் ஒரு கல்லை மெல்லப் புரட்டு. அடியில் இருக்கும் பூச்சிக்கு இரட்டை வால், காலுக்கு இரண்டு நகம் என்றால் அது ஸ்டோன்ஃப்ளை என்ற பூச்சியின் குஞ்சு. ஆக்சிஜன் குறைந்தால் முதலில் காணாமல்போகிறவற்றில் அதுவும் ஒன்று. பார்த்ததும் கல்லை அதே பக்கம் கீழே இருக்கும்படி வைத்துவிடு.

கல் பாதிக்குமேல் வண்டலில் புதைந்திருக்கிறதா? அதுதான் நிஜமான கேடு. கல்லிடுக்கு அடைபட்டால் உள்ளே நீர் ஓடாது. முட்டையும் புழுவும் மூச்சுமுட்டிச் சாகும். ஆள் கூலியை இதற்குச் செலவிடு: மேலே பாதையில் வழியும் மழைநீரை ஓடைக்கு நேராக விடாமல், குறுக்கே மேடு கட்டிக் காட்டுச் சருகுத் தரைக்குத் திருப்பு.

நீர் அளவு கேட்டாயே. நேரான 10 மீட்டரில் பாதி மூழ்கும் குச்சியை ஐந்து முறை விட்டுச் சராசரி நேரம் எடு. 25 வினாடி என்றால் வேகம் வினாடிக்கு 0.4 மீட்டர். அகலம் 1.5 மீட்டர், சராசரி ஆழம் 0.2 மீட்டர் என்றால் குறுக்குப் பரப்பு 0.3 சதுர மீட்டர். இரண்டையும் பெருக்கி 0.85ஆலும் பெருக்கு, ஏனென்றால் மேல்நீர் அடிநீரைவிட வேகமாக ஓடும். வினாடிக்கு 0.102 கன மீட்டர், அதாவது ஏறக்குறைய 102 லிட்டர். மழை விட்டுச் சில நாள் கழித்து அளந்தால்தான் ஊற்றுநீர் எவ்வளவு என்று தெரியும்.

அன்புடன்,
அப்பா