கல்லுக்கு எந்த ஊர்?

கிளமெண்டி, சிங்கப்பூர்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. உடனே பதில் போடாததற்குத் திட்டாதே. முழங்கால் வலி இப்போது எப்படி? எனக்குச் சர்க்கரை கொஞ்சம் ஏறியிருக்கிறது. கோப்பிக் கடையில் இனி பாலும் சர்க்கரையும் இல்லாத 'கோப்பி ஓ கோசோங்' மட்டும்தான் என்று வீட்டில் உத்தரவு. அதைக் குடிப்பதும் ஒன்று, வேப்பங்கொழுந்தை மெல்லுவதும் ஒன்று. மற்றபடி எல்லாரும் நலம்.

உன்னிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும். கேள்வி என்னுடையது அல்ல, பேத்தியுடையது. எடுத்தவுடனே கேட்டால் உனக்குத் தலையும் புரியாது வாலும் புரியாது. அதனால் முதலிலிருந்து சொல்கிறேன்.

பேத்தி இப்போது தொடக்கநிலை ஐந்து. அடுத்த ஆண்டு தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இ என்பதால் ஜூன் விடுமுறை முழுவதும் கணக்கு டியூஷன் என்று என் மகள் முடிவு செய்திருந்தாள். நான்தான் இடையில் புகுந்து, பிள்ளைகளுக்கான நான்கு நாள் தொல்லுயிரியல் பட்டறை ஒன்றில் பெயரைக் கொடுத்துவிட்டு வந்தேன். தொல்லுயிரியல், அதாவது கல்லாகிப்போன பழங்கால உயிர்களைப் பற்றிய படிப்பு, என்றதும் மகள் முகத்தைச் சுளித்தாள். "இது பரீட்சைக்கு வருமாப்பா?" என்றாள். வராது என்றேன். அதற்குப் பிறகு இரண்டு நாள் வீட்டில் எனக்குச் சரியான சாப்பாடு இல்லை.

துணைக்கு வரும் பெரியவர்கள் பின்வரிசையில் உட்காரலாம் என்றார்கள். முதல் நாள் உட்கார்ந்தேன். இரண்டாம் நாள் என் சட்டையெல்லாம் பிளாஸ்டர்.

முதல் நாள் ஆளுக்கொரு மண்கட்டி கொடுத்தார்கள். உள்ளே எலும்பின் அச்சு வார்ப்பு ஒன்று புதைந்திருக்கும். கருவிகள் என்னென்ன தெரியுமா? பழைய பல் துலக்கும் பிரஷ், ஓவியத் தூரிகை, இறைச்சி கோத்துச் சுடுகிற சத்தே குச்சி! நாம் ஜாலான் காயூவில் ஆளுக்கு இருபது சத்தே தின்றுவிட்டு எறிந்த அதே குச்சிதான். ஒரு பையன் ஐந்தே நிமிடத்தில் குச்சியால் ஓங்கிக் குத்தி எலும்பை இரண்டாக்கிவிட்டான். பாடம் நடத்திய இளைஞர் கோபப்படவில்லை. பசையைக் கையில் கொடுத்து, "உண்மையான ஆய்வுக்கூடத்திலும் பாதி நாள் ஒட்டுகிற வேலைதான்" என்றார். அந்தப் பையன்தான் நான்கு நாளும் எல்லாருடைய எலும்பையும் ஒட்டிக் கொடுத்தான்.

அவர் ஒரு சட்டம் வைத்திருந்தார். எதையும் வெளியே எடுப்பதற்கு முன் அது கிடக்கிற நிலையை வரைய வேண்டும். நூல் கட்டிச் சின்னச் சின்னக் கட்டமாகப் பிரித்து, எந்தக் கட்டத்தில், எவ்வளவு ஆழத்தில், எந்தத் திசையைப் பார்த்து என்று குறித்த பிறகுதான் கை வைக்கலாம். பிள்ளைகள் முனகினார்கள். எனக்கே பொறுமை போய்விட்டது. எலும்பு கண்ணெதிரே தெரிகிறது, எடுக்கவிடாமல் படம் வரையச் சொல்கிறாரே என்று இருந்தது.

அப்புறம் நாக்குச் சோதனை. கையில் இருப்பது கல்லா, புதைபடிவ எலும்பா என்று சந்தேகம் வந்தால் நாக்கு நுனியில் வைத்துப் பார்ப்பார்களாம். எலும்பில் நுண்ணிய துளைகள் இருப்பதால் பெரும்பாலும் நாக்கில் லேசாக ஒட்டும், வெறும் கல் ஒட்டாது. ஆளுக்கொரு துண்டைக் கழுவித் துடைத்துக் கொடுத்ததும் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் கண்ணை மூடி நாக்கை நீட்டிக்கொண்டு நின்றதை நீ பார்த்திருக்க வேண்டும்.

என் சட்டை பாழானது பிளாஸ்டர் உறை போட்ட அன்று. தோண்டும் இடத்தில் கிடைக்கும் எலும்பு உதிராமல் இருக்க, முதலில் ஈரக் காகிதம் சுற்றி, அதன்மேல் பிளாஸ்டரில் தோய்த்த சாக்குத் துணிப் பட்டைகளைச் சுற்றுவார்கள். முறிந்த கைக்குக் கட்டுப் போடுவது போலத்தான். எங்கள் குழு அவசரத்தில் ஈரக் காகிதத்தை மறந்துவிட்டது. பிளாஸ்டர் எலும்போடு ஒன்றாகிவிட்டது. அதைப் பிரித்தெடுக்க மறுநாள் பாதி போனது. மறந்தது யார் என்று கேட்காதே, வயதில் மூத்தவர்தான்.

கடைசி நாள் தேசியப் பல்கலைக்கழகத்தில் உள்ள லீ கொங் சியான் இயற்கை வரலாற்று அரும்பொருளகத்துக்கு அழைத்துப் போனார்கள். நீ ஊருக்குப் போன பிறகு 2015ல் திறந்தது, அதனால் பார்த்திருக்க மாட்டாய். வெளியிலிருந்து பார்த்தால் செடி முளைத்த பாறை போல இருக்கும். உள்ளே நீளக் கழுத்து டைனோசர்கள் மூன்று நிற்கின்றன. பிரின்ஸ், அப்பலோனியா, ட்விங்கி என்று பெயர். அமெரிக்காவின் வயோமிங்கில், 2007க்கும் 2010க்கும் இடையில், ஒரே இடத்தில் தோண்டி எடுத்தவை. வயது சுமார் 15 கோடி ஆண்டு. சுமார் 80 லட்சம் வெள்ளி திரட்டி வாங்கினார்கள். ட்விங்கிதான் சின்னது, அதுவே 12 மீட்டர்.

அங்கே ஒரு திமிங்கில எலும்புக்கூடும் இருக்கிறது. 2015 ஜூலையில் ஜூரோங் தீவுக்கு அருகே மிதந்து வந்த ஸ்பெர்ம் திமிங்கிலம். பத்தரை மீட்டர் இருக்கும். அதன் கீழே நின்றபோது எனக்கு உன் ஞாபகம்தான் வந்தது. ஸ்டாம்ஃபர்டு சாலைப் பழைய அரும்பொருளகத்தில் கூரையிலிருந்து தொங்கிய திமிங்கிலம் நினைவிருக்கிறதா? 1892ல் மலாக்கா பக்கம் கரை ஒதுங்கியது. நாம் மல்லாந்து படுத்து விலா எலும்புகளை எண்ணினோம், காவலர் வந்து காதைத் திருகினார். 1974ல் அதை மலேசியாவுக்குக் கொடுத்துவிட்டார்கள். 'தொடாதே' என்று எழுதிய பலகைதான் நமக்குக் கிடைத்த அறிவியல். பேத்திக்குக் கிடைத்தது வேறு. குற்றம் சொல்லவில்லை, கொஞ்சம் பொறாமை, அவ்வளவுதான்.

பேருந்தில் திரும்பும்போது ஆரம்பித்தாள். "தாத்தா, வயோமிங்கிலிருந்து ஏன் வாங்கினார்கள்? நம் ஊரில் தோண்டினால் கிடைக்காதா?"

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். தீவின் நடுவே புக்கித் தீமா பக்கம் கிரானைட். அது பாறைக் குழம்பு ஆறி இறுகியது, அதில் உயிர் புதைய வழியில்லை. கிழக்கே பிடோக், தெம்பனிஸ் பக்கம் இருக்கும் மணலும் சரளையும் டைனோசர்கள் அழிந்து நெடுங்காலம் கழித்துப் படிந்தவை. மேற்கே ஜூரோங்கில்தான் இருபது கோடி ஆண்டுக்கு மேற்பட்ட படிவுப் பாறைகள் இருக்கின்றன. அவற்றில் சிப்பிகளும் செடிகளும் படிவமாகக் கிடைத்திருக்கின்றன. ஸ்கிரிவனர் என்ற நிலவியலாளர் சிங்கப்பூரில் கண்டெடுத்த சிப்பிப் படிவங்களைப் பற்றி 1906லேயே ஒரு கட்டுரை வந்திருக்கிறது. டைனோசர் எலும்புதான் இல்லை. இப்போது அந்தப் பாறைக்கு மேலே தொழிற்சாலைகளும் அரசாங்க அடுக்குமாடி வீடுகளும்.

சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்கு ஒன்று உறைத்தது. எண்பதுகளில் எம்ஆர்டி ரயில் பாதை வேலையில் நான் மேற்பார்வையாளனாக இருந்தேன் அல்லவா? சாம்பல் நிறக் கடல் களிமண்ணைத் தோண்டத் தோண்ட, சிப்பியும் சங்கும் வாளி வாளியாக வரும். சில ஆயிரம் ஆண்டுக்கு முன் அங்கே கடல் இருந்ததற்கு அதுதான் சாட்சி. நான் என்ன செய்தேன்? இத்தனை லாரி மண் என்று கணக்கு எழுதினேன். ஒரு சிப்பியைக் கூடக் குனிந்து எடுத்துப் பார்த்ததில்லை. இதை அவளிடம் சொல்லியிருக்கக் கூடாது. "எந்த நிலையத்தில்? எவ்வளவு ஆழத்தில்?" என்று துளைத்துவிட்டாள்.

இனி உன் விஷயம்.

1989ல் நீ அரியலூர் போய்விட்டு வந்து எனக்கு ஒரு கல் கொடுத்தாயே, ஆட்டுக்கடாக் கொம்பு போலச் சுருண்டது, உள்ளங்கை அளவு? சில வருடம் செய்தித்தாள் பறக்காமல் வைக்க உதவியது. அப்புறம் என் மனைவி அதைச் சாளக்கிராமம் என்று சாமி மேடைக்குக் கொண்டுபோய்விட்டாள். முப்பது வருடமாக வெள்ளிக்கிழமை தவறாமல் சந்தனம், குங்குமம்.

பட்டறை முடிந்த வெள்ளிக்கிழமை பேத்தி சாமி கும்பிடப் போனாள். திரும்பி வந்தபோது கையில் அந்தக் கல், இன்னொரு கையில் பல் பிரஷ். பாட்டி போட்ட சத்தம் எதிர் வீடு வரை கேட்டிருக்கும். சந்தனம் கரைந்ததும் மேலே இலை நரம்பு போல நெளிநெளியாகக் கோடுகள் தெரிந்தன. "அம்மோனைட்!" என்று கத்தினாள். கணவாய் மீனுக்குத் தூரத்து உறவான கடல் உயிரி. உள்ளே அறை அறையாக இருக்கும், அறைச் சுவர்கள் ஓட்டைத் தொடும் இடத்தில்தான் அந்தக் கோடுகள். ஆறரைக் கோடி ஆண்டுக்கு முன் டைனோசர்களோடு அதுவும் அழிந்தது. உங்கள் ஊர்ப் பக்கம் ஒரு காலத்தில் கடல் ஏறி இறங்கியிருக்கிறது, அதனால்தான் அங்கே சுண்ணாம்புக்கல், அதனால்தான் சிமெண்டு ஆலைகள். கண்டகி நதிச் சாளக்கிராமமும் அம்மோனைட்தான் என்று தெரிந்ததும் பாட்டி சமாதானமானாள். "நான் சொன்னது தப்பில்லை பார்" என்றாள்.

பேத்தி சமாதானமாகவில்லை. எங்கே எடுத்தது, எந்த மண் அடுக்கு, கூட வேறு என்ன கிடந்தது என்று கேட்டாள். நான் அரியலூர் என்றேன். "அரியலூரில் எங்கே?" என்றாள். எனக்கு எப்படித் தெரியும்? நீ கொடுத்தாய், நான் வாங்கினேன். அவள் உதட்டைப் பிதுக்கினாள். "இடம் தெரியாவிட்டால் இது பாதி ஊமைக் கல் தாத்தா." அந்த முதல் நாள் நூல் கட்டி வரைந்தது எதற்கு என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. அந்தப் பக்கத்துக் காரை என்ற ஊரின் மண் அடுக்கில் கிடைப்பது ஒரு காலம், கல்லமேட்டில் கிடைப்பது அதற்குக் கோடிக்கணக்கான வருடம் பிந்திய காலம் என்று இருக்கும்போது, 'அரியலூர்' என்பது வெறும் தபால் முத்திரை.

கல்லமேடு என்றதும் இன்னொன்று. உங்கள் மாவட்டத்துக் கல்லமேட்டில் கிடைத்த மாபெரும் டைனோசர் எலும்புகளுக்கு யாதகிரி, அய்யாசாமி என்ற இந்தியப் புவியியல் ஆய்வுத்துறைக்காரர்கள் 1987ல் 'பிருகத்காயோசாரஸ்' என்று பெயர் வைத்தார்கள். கால் எலும்பு மட்டும் இரண்டு மீட்டராம். ஆனால் எலும்புகள் உதிர்ந்து போயின. படங்களும் அளவுகளும்தான் மிச்சம். எவ்வளவு பெரிய விலங்கு என்று இன்னும் வாதாடுகிறார்கள். இதைச் சொன்னபோது பேத்தி அழுதுவிடுவாள் போல இருந்தது. ஈரக் காகிதம் மறந்த குழுவில் இருந்தவள் அல்லவா, எலும்பு போவது என்றால் என்ன என்று கைக்குத் தெரியும்.

அவளைத் தேற்ற இங்கிலாந்துக் கதை ஒன்று சொன்னேன். 2020ல் சாமர்செட் கடற்கரையில் அப்பாவோடு நடந்துபோன 11 வயதுச் சிறுமி ஒரு தாடை எலும்புத் துண்டைக் கண்டாள். கடலில் வாழ்ந்த ஊர்வனத்தின் தாடை. விலங்கின் நீளம் 25 மீட்டர் இருக்கலாம் என்று கணக்கிட்டு, 2024ல் அதற்குப் புதுப் பெயர் வைத்தார்கள். 20 கோடி ஆண்டுக்கு முந்தையது. பேத்திக்கும் 11 வயது. தேறிவிட்டாள். இப்போது உங்கள் ஊருக்கு வர வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். டிசம்பரில் அழைத்து வரலாமா? கல் பொறுக்க மாட்டாளாம். பார்த்த இடத்திலேயே பக்கத்தில் ஒரு நாணயம் வைத்துப் படம் எடுத்து, இடத்தைக் குறித்துக்கொண்டு வந்துவிடுவாளாம். வரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் இருப்பதாகப் படித்தேன். விசாரித்து வை. மகளிடம் நான் இன்னும் சொல்லவில்லை.

அதற்கு முன் அந்தக் கேள்வி. 1989ல் கல்லை எங்கே எடுத்தாய்? ஓடையிலா, வயல் வரப்பிலா, சுண்ணாம்புக்கல் சுரங்கம் பக்கமா? நீயே குனிந்து எடுத்ததா, யாராவது கொடுத்ததா? மண் என்ன நிறம்? உன் தம்பியையும் கேட்டுப் பார், அவனுக்கு ஞாபகசக்தி அதிகம். ஞாபகம் இல்லையென்றால் இல்லை என்றே எழுது, சும்மா ஒரு ஊரைச் சொல்லிவிடாதே. அவள் கண்டுபிடித்துவிடுவாள்.

கல் மறுபடி சாமி மேடையில்தான் இருக்கிறது, சந்தனம் மட்டும் பாட்டி இப்போது பக்கத்தில் ஒரு தட்டில் வைக்கிறாள். கல்லுக்குக் கீழே பேத்தி ஓர் அட்டை செருகியிருக்கிறாள். எண்: 1. பெயர்: அம்மோனைட். எடுத்தவர்: தாத்தாவின் நண்பர். ஆண்டு: 1989. 'இடம்' என்பதற்கு நேரே காலியாக விட்டு, ஓரத்தில் பென்சிலால் 'கடிதம் போட்டிருக்கிறது' என்று எழுதியிருக்கிறாள்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்