தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

போனில் பேசினால் அம்மா பக்கத்திலேயே நிற்பாள். அதனால் எழுதுகிறேன்.

நீ அனுப்பிய படம் வந்தது. கறி வண்டி, புகை, உன் கூட்டாளிகள், எல்லாம் பார்த்தோம். மெலிந்துவிட்டான் என்றாள் அம்மா. நான் ஒன்றும் சொல்லவில்லை.

சீனாவுக்கு, ஜினானுக்குப் படிக்கப் போன புதிதில் இதைப் பற்றி எவ்வளவு பேசினாய்! யாங்ரோ சுவான், கம்பியில் குத்திச் சுட்ட ஆட்டுக்கறி. சுவான் என்கிற எழுத்தே இரண்டு பெட்டியைக் கம்பி குத்தின மாதிரி இருக்கிறது என்று கடைப் பலகையைப் படம் பிடித்து அனுப்பினாய். நீளமான இரும்புத் தொட்டியில் கரி, குறுக்கே கம்பிகள், கறிக்கு நடுவே ஒரு துண்டுக் கொழுப்பு. "சீரகத்துக்கு இங்கே ஜிரான் அப்பா, நம்ம ஜீரகமேதான்" என்று நீ கத்தியது அடுத்த வீட்டுக்கே கேட்டது. 2023இல் ஸிபோ ஊருக்கு நாடே ரயிலேறிக் கறி தின்னப் போனபோது நீயும் போனாய். மெல்லிய ரொட்டியில் வெங்காயத்தாளோடு சுருட்டித் தின்றதை ஒரு மணி நேரம் சொன்னாய். இப்போது ஒரே வரி. "சாப்பிட்டோம்."

சரி, கரி விஷயத்தில் கவனமாக இரு. கறுப்பாக இருக்கும்போது கறியை வைக்கக் கூடாது, கங்கு சாம்பல் பூக்கட்டும். கொழுப்பு சொட்டித் தீ எழும்பினால் விசிறாதே, கம்பிகளை ஓரமாகத் தள்ளு. குளிருக்கு இதமாக இருக்கிறதென்று மிச்சக் கங்கை அறைக்குள் கொண்டு போய்விடாதே, மூடின அறையில் கரி ஆளைக் கொன்றுவிடும். தாத்தா வண்டியில் பத்து வருஷம் இஸ்திரிப் பெட்டிக்குக் கங்கு போட்டவன் சொல்கிறேன்.

தின்கிறவனுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்பாய்.

அங்கே மாணவர் விசாவில் இருப்பவர்கள் அனுமதியில்லாமல் வேலை செய்து பிடிபட்டால் 5,000 யுவானிலிருந்து 20,000 யுவான் வரை அபராதமாம். படித்தேன், சொல்லி வைக்கிறேன். நம் தெருவில் உன்னை இப்போதே டாக்டர் தம்பி என்றுதான் கேட்கிறார்கள். நீயோ மாதத்துக்கு ஒருமுறை பேசுகிறாய். வேகாத ஆட்டுக்கறி தின்றால் விட்டுவிட்டுக் காய்ச்சல் வரும் என்று நீதானே சொன்னாய்? உள்ளே சிவப்பாக இருந்தால் தொடாதே. கரி விஷயத்தில் கவனம்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன் தம்பி. எல்லோரும் ஒரு பக்கம் உட்கார்ந்திருக்கிறார்கள். நீ அடுப்புக்கு அந்தப் பக்கம் நிற்கிறாய், கையில் விசிறி. மணிக்கட்டுக்கு உள்பக்கம் நீளமாக ஒரு தழும்பு. விளிம்பில் பட்டது. தாத்தாவுக்கும் அதே இடம்தான்.

உன் படிப்புக் கடன் தவணை தாமதம், வங்கியில் இழுக்கிறார்கள் என்று உன்னிடம் சொன்னேன். அது பொய். பணம் போன ஆவணியிலேயே வந்துவிட்டது. அக்கா வந்து திண்ணையில் உட்கார்ந்து அழுதாள், மாப்பிள்ளை கடனுக்கு எடுத்துக் கொடுத்துவிட்டேன். இரண்டு மாதத்தில் திரும்பிவிடும் என்றார். வரவில்லை. அம்மாவுக்குத் தெரியாது. உன்னிடம் சொல்ல வாய் வரவில்லை, நீயும் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ. உன்னைக் கரி அடுப்பு முன்னால் நிறுத்தியது நான்.

வண்டி நின்ற இடத்துக்கு முன்பணம் வாங்கிவிட்டேன். செவ்வாய்க்கிழமை அனுப்புகிறேன். முதலில் கல்லூரியில் கட்டு, ரசீதை எனக்கு அனுப்பு.

அப்புறம் ஒரு படம் அனுப்பு. வண்டிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து நீ தின்கிற மாதிரி.

அப்பா